இடது தோள், கால் இன்ச்

பிப்ரவரி 3

மாஸ்டருக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. விமானத்தில் கால் வீங்கி, செருப்புக்குள் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். உன் முதுகு எப்படி? குனிந்து தைக்காதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய்.

வந்து இறங்கியதிலிருந்து உருப்படியான ஓர் ஆளைப் பார்க்கவில்லை. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, நாற்பது சாம்பிள் அட்டையையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொரு பொத்தானையும் விரலால் அழுத்திப் பார்த்தான். வெடிக்கும் என்று நினைத்தான் போல. கடை வைத்து முப்பது வருடத்தில் என் சரக்கை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒரே வாடிக்கையாளர் அவன்தான். வாங்கத்தான் இல்லை.

மகன் அழைத்துப் போக வந்திருந்தான். பொறியாளர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தோமே, அந்தப் பொறியாளர் லிப்ட் ரிப்பேர் செய்கிறார். விரல் நகமெல்லாம் கிரீஸ். "மெக்கானிக்தானேடா?" என்றேன். "சீனியர் டெக்னீஷியன்பா" என்றான். ஒன்பது வருடத்தில் கற்றது இந்த ஒரு வார்த்தைதான். நீ யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

அவன் வீட்டில் இடம் போதாது என்று எனக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் கைக்கு எட்டுகிறது. கட்டில் என் இடுப்புவரைதான் படுக்க ஒத்துக்கொள்கிறது.

திட்டத்தில் மாற்றம் இல்லை. மூன்று வாரம். பொத்தான் ஆலையைப் பார்த்துப் பேசி முடித்து, பையனையும் கையோடு கூட்டி வருகிறேன். மே மாதம் கல்யாணம். என் மருமகளிடம், அதாவது உன் பெண்ணிடம், சொல். பள்ளிக்கூடத்தில் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கட்டும்.

நலம் விசாரித்ததாக எல்லாரிடமும் சொல். என் மச்சானிடம் வேண்டாம். கடையை நாசம் செய்யாமல் இருந்தால் அதுவே பெரிய விசாரிப்பு.

பட்டன்காரன்


பிப்ரவரி 17

அன்புள்ள பட்டனுக்கு,

உன் கால் வீக்கம் வடிந்ததா? என் முதுகுக்கு என்ன, மெஷின் மிதிக்கும்வரை வலி தெரியாது, எழுந்தால் தெரியும். அதனால் எழுவதில்லை.

உன் மச்சான் கடையைத் திறக்கிறார். எப்போது என்பதைக் கேட்காதே. வெள்ளைப் பொத்தானில் நாலு துளை, இரண்டு துளை எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கிறது. உன் கண்ணால் பார்த்தால் செத்துப்போவாய்.

ஒரு விஷயம். போனில் பேசலாம் என்றால் நம் தெருவில் போன் இருப்பது மருந்துக்கடையில் மட்டும். விஷயமே அந்த மருந்துக்கடைக்காரரைப் பற்றியதுதான். போன திங்கட்கிழமை வந்து எதிரில் உட்கார்ந்தார். சட்டைக்கு அளவெடுக்க வந்தார் என்று டேப்பை எடுத்தேன். "அதுக்கு வரல மாஸ்டர். உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன். வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல, அதான் நானே" என்றார். டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஆறு வருடத்துக்கு முன் நாம் இரண்டு பேரும் பேசி முடித்ததைச் சொன்னேன். "சரி" என்றார். கோபம் இல்லை. பைக்குள்ளிருந்து முதுகுத் தைலம் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு வருகிற ஆவணியில் இருபத்தேழு முடிகிறது. நான் கேட்பது ஒரே கேள்வி. மே மாதத்துக்கு உன் பையன் சரி என்று சொன்னானா? ஒரே வரியில் பதில் எழுது. போதும்.

சாப்பாட்டில் கவனமாக இரு. உனக்குப் புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

மாஸ்டர்


மார்ச் 2

மாஸ்டருக்கு,

வீக்கம் வடிந்தது. இப்போது இருமல். தைலம் கொடுத்துப் பெண் கேட்கிறவனிடம் கேட்டால் இதற்கும் மருந்து வைத்திருப்பான்.

அவன் 'சரி' என்று சொல்லிப் போகும்வரை விட்டாயே, நீ 'இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பொட்டலத்தில் நாலு மாத்திரையை எண்ணிப் போடுகிறவனுக்கு உன் வாசற்படி ஏறும் தைரியம் எப்படி வந்தது? நீ எல்லாரிடமும் டேப்பை நீட்டுவதால் வந்தது. திரும்ப வந்தால் வேறு ஆள் பார்த்தாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்.

பொத்தான் ஆலைக்குப் போனேன். ஆலையாம். நம் தெரு மாவு மில்லில் இதைவிட இரைச்சல் அதிகம். மேனேஜர் என் எதிரில் ஒரு கைப்பிடி பொத்தானை அள்ளிப் போட்டு ஏதோ சொன்னான். "உலகத்துலயே இதுதான் ஒசத்தின்னு சொல்றார்பா" என்றான் மகன். ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்தேன். உடைந்தது. மேனேஜர் கத்தினான்.

"என்னடா சொல்றான்?"

"பொத்தானைக் கடிக்கறதுக்குச் செய்யலன்னு சொல்றார்பா."

"வண்ணான் கல்லுல அடிப்பான், இஸ்திரிக்காரன் பெட்டியால நசுக்குவான், குழந்தை கடிக்கும். இதெல்லாம் தெரியாதவனுக்கு எதுக்குடா ஆலை?"

மகன் இதை மொழிபெயர்க்கவில்லை. அவனுக்கு எதையும் முழுசாகச் சொல்லும் பழக்கம் கிடையாது.

ஆக, வேறு ஆலை பார்க்க வேண்டும். இங்கே இன்னும் இரண்டு மாதம் ஆகும். பையனுக்கும் லீவு சிக்கல். மே வேண்டாம், ஆகஸ்ட் என்று வைத்துக்கொள். அறையைக் காலி செய்து மகன் வீட்டுக்கே வந்துவிட்டேன். புது விலாசம் பின்னால் இருக்கிறது.

முதுகை நிமிர்த்தி உட்கார்.

பட்டன்காரன்


மார்ச் 20

அன்புள்ள பட்டனுக்கு,

இருமலுக்கு மிளகைத் தட்டிப் போட்டுக் குடி. இங்கே எல்லாரும் சுகம்.

நீ சொன்னபடி மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்குப் போய் அலமாரியைப் பார்த்துச் சொன்னேன். "அவ இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. இனி இந்தப் பேச்சு வேண்டாம் தம்பி." அவர் யாருக்கோ மருந்துச் சீட்டு படித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னது கேட்டுச்சு மாஸ்டர்" என்றார். அடுத்த மருந்தை எடுக்கத் திரும்பினார். எனக்குத்தான் படி இறங்கும்போது கால் தடுக்கியது.

வீட்டில் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஆகஸ்ட்டாம்மா" என்றேன். "எந்த வருஷத்து ஆகஸ்ட்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த தாளில் பெரிய முட்டை ஒன்று போட்டாள்.

ஒரே வரி கேட்டேன். நீ நாலு பக்கம் எழுதினாய். அந்த வரி அதில் இல்லை. லீவு சிக்கல் என்பது அவன் பதிலா, உன் பதிலா? அவன் வாயால் என்ன சொன்னான்?

மறந்துவிடாதே. எனக்கு இருப்பது அவள் ஒருத்தி.

மாஸ்டர்


மார்ச் 31

மாஸ்டருக்கு,

மிளகு இங்கே மருந்துபோல் கண்ணாடிச் சீசாவில் விற்கிறான். காரம் இல்லை. இருமல் அதுவாகப் பயந்து போய்விட்டது.

நீ ஏன் போலீஸ்காரன் மாதிரி வாக்குமூலம் கேட்கிறாய்? என் பையன் என் பையன்தான். ஆறு வருடத்துக்கு முன்பு உன் கையில் அடித்துச் சொன்னது நான், அவன் இல்லை. என் வார்த்தை போதாதா?

இரண்டாவது ஆலையும் குப்பை. மூன்றாவதில் ஒரு கிழவி இருக்கிறாள். அவள் ஒருத்திக்குத்தான் இந்த ஊரில் பொத்தான் என்றால் என்னவென்று தெரிகிறது. அதனால் அவளை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம்.

ஒரு சின்ன வேலை. இங்கே வீட்டுக்காரம்மாவின் பேத்தி ஒன்று இருக்கிறது. மூன்று வயது. குளிருக்கு ஒரு கோட்டு வாங்கலாம் என்று ரெடிமேடு கடைக்குப் போனால் அசிங்கம், பொத்தானைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நீ ஒன்று தைத்துப் பார்சலில் அனுப்பு. கெட்டித் துணி, உள்ளே மெத்தென்ற லைனிங். பொத்தான் என் கடையில் மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, ஆமை ஓட்டு நிறம், ஆறு. மச்சானை எடுக்க விடாதே, நீயே எடு.

அளவு: மார்பு 22. உயரம் 16. கை 11. கழுத்து 10½. இடது தோள் கால் இன்ச் இறக்கி வெட்டு, இல்லாவிட்டால் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நானே டேப் வைத்து எடுத்த அளவு. ஓடிக்கொண்டே இருக்கும் சனியன், மூன்று தடவை எடுத்தேன்.

உடம்பைக் கவனி.

பட்டன்காரன்


மே 4

மாஸ்டருக்கு,

ஒரு மாதம் தாண்டிவிட்டது. கடிதமும் இல்லை, கோட்டும் இல்லை. படுத்துவிட்டாயா? அல்லது என் மச்சானோடு சேர்ந்து உனக்கும் சோம்பல் ஒட்டிக்கொண்டதா? ஒரு குழந்தைக் கோட்டு உனக்கு அரை நாள் வேலை.

இங்கே நிலவரம் மாறியிருக்கிறது. ஆகஸ்ட் சரிப்படாது. பையனை ஏதோ பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வருடம் தை என்று வைத்துக்கொள்வோம், அவசரப்பட்டுச் செய்து ஆகப்போவது என்ன? தெருவில் யாராவது கேட்டால் பட்டன்காரன் வெளிநாட்டில் பெரிய ஏஜென்சி பேசிக்கொண்டிருக்கிறான், அதனால் தள்ளிப்போகிறது என்று சொல். அவர்களுக்கு அது புரியாது, வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த இருமல் மருந்துக்காரன் திரும்ப வரவில்லையே?

உடனே பதில் போடு. முதுகு என்றால் யாரையாவது விட்டாவது எழுதச் சொல்.

பட்டன்காரன்


மே 9

பட்டனுக்கு,

நான் சுகம். இத்துடன் கோட்டு வருகிறது. மூன்றாவது அலமாரியில் நானே எடுத்த பொத்தான், ஆறு. காலர் தூக்காது. தையலில் குறை வைக்க எனக்குத் தெரியாது. ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் வேறு. துணியை வெட்டிவிட்டுத் தைக்காமல் வைத்திருந்தேன்.

உன் பையனுக்குக் குழந்தைச் சட்டையிலிருந்து விமானம் ஏறிய அன்று போட்ட சட்டைவரை நான்தான் தைத்தேன். இடது தோள் இறக்கம். பெரியவனானபோது அரை இன்ச். மூன்று வயதில், உன் மனைவி முதல்முதலாகக் கூட்டி வந்தபோது கால் இன்ச். உனக்கும் அதே தோள்தான். உன் சட்டையின் இடது தோளுக்குள் நான் பஞ்சு வைத்துத் தைப்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இந்தத் தெருவில் நான் தைக்காத ஆண்பிள்ளை கிடையாது. அந்தத் தோளை உன் வீட்டைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மாவின் பேத்தியாம்.

நீ பொய்யை எழுதிவிட்டு அளவைச் சரியாக எழுதியிருக்கிறாய், பட்டன். வேறு யாராவது என்றால் 'மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கோட்டு' என்று எழுதியிருப்பான். நான் சந்தேகப்படாமல் தைத்து அனுப்பியிருப்பேன். உன்னால் முடியவில்லை. காலர் தூக்குவது உனக்குப் பொறுக்காது. என் பெண் ஆறு வருடம் காத்திருப்பது பொறுத்தது.

குழந்தைக்கு மூன்று வயது என்றால் கல்யாணம் நடந்து நாலு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இப்போதும் ஒரே வரிதான் கேட்கிறேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

மாஸ்டர்


மே 25

மாஸ்டருக்கு,

கோட்டு வந்தது. கச்சிதம். 

நாலு வருடமாகத் தெரியும். இதோ உன் ஒரு வரி.

இனி நான் சொல்வதையும் கேள். கடிதத்தில் அவன் எழுதியபோது கிழித்து அடுப்பில் போட்டேன். கிழித்தால் இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இங்கே வந்தது ஆலை பார்க்க இல்லை. அறுத்துவிட முடியுமா என்று பார்க்க. அவன் கட்டிக்கொண்டவள் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். கட்டி வைத்த மூட்டைபோல் இருப்பாள். எனக்கு எதிரே உட்கார்த்தி, "இவளை விட்டுட்டு வா, கடையை இன்னைக்கே உன் பேருக்கு எழுதறேன்" என்று மகனிடம் சொன்னேன். அவன் அதை மட்டும் முழுசாக மொழிபெயர்த்தான். அவள் சிரித்தாள், மாஸ்டர். விழுந்து விழுந்து சிரித்தாள். பொத்தான் கடையா என்று கேட்டாளாம். லிப்ட் மெக்கானிக்கும் சலவைக்காரியும் உட்கார்ந்து என் கடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் குட்டி என் சாம்பிள் அட்டைகளைப் பிய்த்து, எல்லாவற்றையும் நிறம் வாரியாகப் பிரித்து வைக்கிறது. என் மச்சானுக்கு இருபது வருடமாக வராத புத்தி.

நீயும் யோக்கியன் மாதிரி பேசாதே. பட்டன் கடைச் சம்பந்தி என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது யார்? நான் ஒருதரம் சொன்னதை ஆறு வருடம் ஒருதரம்கூடச் சந்தேகப்படாதது யார்? என்னைக் கேட்டால் ஏமாறுவதிலும் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது. 

நடந்தது நடந்துவிட்டது. தெருவில் இப்படிச் சொல்: பட்டன்காரன் பெருந்தன்மையாக வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெண்ணுக்கு நல்ல இடம் நானே பார்த்துத் தருகிறேன். அந்த மருந்துக்காரன் இன்னும் சும்மா இருந்தால் அவனையே பார்ப்போம். அவன் அவ்வளவு மோசம் இல்லை.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பட்டன்காரன்


ஜூன் 10

பட்டனுக்கு,

சுகம்.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் நீட்டினேன். படித்தாள். மடித்தாள்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சா மாமாவுக்கு?" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"அந்தக் கல்யாணம் நடந்த வாரமே மாமா பையன் எனக்கு எழுதிட்டார்ப்பா. மன்னிச்சுக்கோன்னு. நல்லா இருங்கன்னு பதில் போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? மாமாகிட்டதான் ஓடியிருப்பீங்க. அவர் 'சும்மா கதை'ன்னு சொல்லியிருப்பார். திரும்பி வந்து என்னைத் திட்டியிருப்பீங்க. மாமா வாயாலயே வரட்டும்னு இருந்தேன். வாயால வரல. டேப்பால வந்துச்சு."

நான் மறுக்கவில்லை. அப்படித்தான் செய்திருப்பேன். என் பெண் பேச்சைவிட உன் பேச்சை நம்புகிறவன் நான் என்பதை என் பெண் நாலு வருடமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நீ செய்ததில் இதுதான் எனக்கு ஆறவில்லை. பாதி நான் செய்தது.

மருந்துக்கடைக்காரர் சும்மாதான் இருக்கிறார். நான் படியேறிச் சொன்ன அன்று சாயங்காலமே அவள் அவரிடம் போய், "அப்பாவுக்குக் கொஞ்சம் நாள் ஆகும். உங்களால இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "மருந்தே பலிக்க நாளாகும்" என்றாராம். ஜூன் 29 கல்யாணம். நீ பார்த்துத் தரவேண்டிய இடம் ஒன்றும் இல்லை.

தெருவில் உன் பெருந்தன்மையைச் சொல்லச் சொன்னாய். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை, பட்டன்.

மாஸ்டர்


ஜூன் 20

மாஸ்டருக்கு,

நலம். இந்த மாதக் கடைசியில் வர இருந்தேன். திட்டத்தை மாற்றிவிட்டேன். டிக்கெட் ஜூலை 2க்குத்தான். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஆளாளுக்கு என் முகத்தைப் படிப்பதற்கு நான் செய்தித்தாள் இல்லை. உன் தெருவில் ஒரு பயலுக்கும் அந்தத் தகுதி கிடையாது.

வந்ததும் கடையைத் திறந்துவிட்டு நேராக உன்னிடம்தான் வருவேன். இதெல்லாம் கடிதத்தில் எழுதிக் கெடுகிற விஷயம். எதிரில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். நமக்குள் எதுதான் பேசித் தீராமல் போயிருக்கிறது?

பெண்ணிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல். அவள் என் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அந்த மருந்துக்காரனுக்கு அதிர்ஷ்டம். அவனிடம் இதைச் சொல்லாதே, தலை கனத்துவிடும்.

பட்டன்காரன்


ஜூலை 5

பட்டனுக்கு,

நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்றுப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், சட்டையைப் பிடிக்க வேண்டும்.

உன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் இருபது அடி. அதற்குத் தபால் தலை ஒட்டுகிறேனே என்று தபால்காரர் சிரித்தார். "எதிர்க் கடைதானே மாஸ்டர், நானே கையில குடுத்துடறேன்" என்றார். வேண்டாம், முத்திரை விழட்டும் என்றேன்.

நேற்று நீ வந்து நின்றபோது நான் மெஷினை நிறுத்தக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். பத்து நிமிடம் கேட்டிருந்தாய். ஏழு நிமிடம்தான் பேசினாய். பொத்தானைக் கடித்த கதை, மேனேஜர் கத்தின கத்தல், அங்கே உன் மகனின் மாமியார் உன்னைப் பார்த்துக் கும்பிட்ட அழகு. ஆறாவது நிமிடம் மெஷின் நின்றது. ஏழாவது நிமிடம் நான் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நீ எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "அவ்வளவுதாண்டா, இதுக்கா இந்த ஆட்டம்?" என்று என் தோளைத் தட்டிப் போனாய்.

நீ போனபிறகு நினைத்துப் பார்த்தேன். ஏழு நிமிடத்தில் நீ என் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு என்ற சொல் உன் வாயில் வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நாளைக்கும் வருவாய், நாளைக்கும் சிரிப்பேன், அடுத்த மாதம் நீ சொல்வதை மறுபடி நம்புவேன். என்னை நான் அறிவேன்.

ஆகவே இனி கடைக்கு வராதே. சட்டை கொடுக்க வேண்டுமானால் மச்சானிடம் கொடுத்து அனுப்பு. பஞ்சு வைத்தே தைத்துத் தருகிறேன். பேச வேண்டியது இருந்தால் எழுதித் தபாலில் போடு. எழுத்தில் நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. நேரில் முப்பது வருடமாக முடியவில்லை.

வெயில் ஏறுகிறது. உன் கடைப் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்.

மாஸ்டர்